எத்தனை ஓட்டம் ஒருவருக்கு?

நார்த்மீட்டில் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஒரே பிள்ளை நான்கு ரிப்பன் வாங்கினால், பெற்றோரிடையே முணுமுணுப்பு எழும்: "மற்றப் பிள்ளையளுக்கும் விட்டுக் குடுக்கலாம்தானே?"

அருகிலுள்ள மெரிலாண்ட்ஸில் பிறந்த பெட்டி கத்பெர்ட், 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில், 18 வயதில், 100, 200 மீட்டரிலும் 4×100 அஞ்சலோட்டத்திலும் தங்கம் வென்றார். தனி ஓட்டம் இரண்டிலும் வெண்கலம் பெற்றவர் மார்லின் மத்தியூஸ். ஓடித் தோற்றதில் அநீதியில்லை. ஆனால் அஞ்சலோட்ட அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

தனி ஓட்டத்தில் வல்லவர் ஒருவர் சேர்ந்தால் மற்றவர்களுக்கு வெற்றி கடினமாகும். ஓடும் வாய்ப்புப் போகாது. அணியில் இடம் நான்குதான். ஒருவரைச் சேர்ப்பது இன்னொருவரை விலக்குவது. அந்தப் பொறுப்பு தெரிவு செய்பவருடையது. ஆகவே, ஓடும் பிள்ளையை அடக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. தெரிவாளரிடம் காரணம் கேட்பேன்.