பூவும் பாட்டும் கல்லறைச் சுவரும்

ஆலய வழிபாட்டில் எதை மாற்றப் போனாலும் 'இது முன்னோர் வைத்த முறை' என்று சபையில் ஒரு குரல் எழும். அந்தக் குரலில் பக்தி இருக்கிறது, அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் பழமை ஒன்றையே சான்றாக வைத்து எந்த முறையையும் காப்பாற்ற முடியாது என்பதற்குத் தஞ்சாவூர்ச் சபையின் வரலாறே சாட்சி. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த அந்தச் சபைக்கு 1820களில் புதிய மிஷனரிகள் வந்தார்கள். மக்களுக்குப் பழகிப்போன ஃபப்ரீசியஸின் தமிழ் வேதாகமத்துக்குப் பதிலாக ரேனியஸ் திருத்திய மொழிபெயர்ப்பைப் புகுத்தினார்கள். ஆலயத்தில் கீர்த்தனை கூடாது, கலியாணத்திலும் சாவிலும் பூ கூடாது, சாதிவாரியாக உட்காரவும் கூடாது என்றார்கள். சரபோஜி மன்னரோடு சுவார்ட்ஸிடம் பயின்ற கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் கொதித்தெழுந்தார். இந்த நான்கையும் நான்கு கொடுமைகளாக வரிசைப்படுத்தி எழுதினார்.

நான்கில் மூன்றில் நியாயம் அவர் பக்கம் என்பதே என் கருத்து. 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய கவிஞரிடம் ராகத்தையும் தாளத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரச்சொல்வது, தமிழர் தம் நாவால் கடவுளைத் துதிக்கக்கூடாது என்பதற்குச் சமம். இன்று கீர்த்தனை இல்லாத தமிழ் ஆராதனையை நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான்காவதான சாதிவாரி இருக்கை அப்படியல்ல. அதற்கும் பழமை இருந்தது, பெரியவர்களின் முத்திரையும் இருந்தது. 1718இல் தரங்கம்பாடியில் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவிலானது. அதன் பகுதிகளில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். சுவார்ட்ஸும் இந்த வழக்கத்தோடு ஒத்துப்போனார். ஆகவே பாட்டுக்கும் பிரிந்த இருக்கைக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு எங்கே? பாட்டை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஒருவர் பாடுவதால் இன்னொருவர் சிறுமைப்படுவதில்லை. இருக்கை வரிசையோ சிலரைப் பின்னால் தள்ளினால் மட்டுமே நிற்கும், தள்ளப்பட்டவர் எவ்வளவு ஜெபித்தாலும் முன்னே வர முடியாது. ஒரு முறை புனிதமானதா என்று கேட்கும்போது, யாருடைய தலையைக் குனியவைத்து அது நிற்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

மிஷனரிகள் செய்த தவறும் இந்த வேறுபாட்டைப் பார்க்காததுதான், எதிர்ப்பக்கத்திலிருந்து. பூவையும் சாதியையும் ஒரே மூச்சில் தடுத்ததால், தன் பாட்டுக்காகப் போராடியவர் சாதிக்காகவும் அதே நியாயத்தைப் பேச முடிந்தது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே, முற்றிலுமாக விடவேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினார்கள். அவ்வாறு விலகியவர்களில் சிலர் பிற்பாடு சாதி விஷயத்தில் கண்டிப்புக் காட்டாத லைப்சிக் மிஷனில் சேர்ந்தார்கள்.

வெள்ளைக்காரர் நம் சமூகத்தில் கைவைத்ததைத்தானே சாஸ்திரியார் எதிர்த்தார் என்று கேட்கலாம். அந்த மிஷனரிகளிடம் இனத் திமிர் இருந்தது உண்மை. ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்தவர்களும் தமிழர்தான், அதே காவிரிக் கரையில் நாற்று நட்டவர்கள்தான்; அவர்கள் விருப்பம் என்ன என்று அந்தச் சண்டையில் எந்தத் தரப்பும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒன்றை மாற்றினால் எல்லாம் சரிந்துவிடும் என்ற அச்சத்துக்கும் டெல்டாவிலேயே பதில் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கப் பூசையில் லத்தீன் போய்த் தமிழ் வந்தது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29இல் கொடி ஏறுவது நிற்கவில்லை, நடந்தே வரும் கூட்டமும் குறையவில்லை. காலப்போக்கில் தானாக மாறும், அவசரம் வேண்டாம் என்பார்கள் சிலர். தரங்கம்பாடி ஆலயம் கட்டி முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் காலத்திலும் திருச்சி மேலப்புதூரின் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவருக்கு எதிராகப் போராட வேண்டியிருந்தது. செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக்கூடாது என்று சொன்ன சுவர் அது. காலம் தானாக அதை இடிக்கவில்லை.

இன்றைய சபைக் கூட்டங்களில் கீபோர்டா ஹார்மோனியமா, பழைய வேதாகமமா புதிய மொழிபெயர்ப்பா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். வாதாடட்டும், அதிலும் பக்தி இருக்கிறது. அதே கூட்டத்தில் கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தையும் எடுத்து மேசைமேல் விரிக்கட்டும்.