சொல்லாமல் விட்டது

நெடும்பயணங்களுக்கென்று பழைய ஹொண்டா சீ.டி. 200 ரோட்மாஸ்டர் ஒன்றை வாங்கினேன். தூசியும் மழையும் படாதபடி அதன் செயின் முழுவதும் தகட்டு மூடிக்குள் இருக்கும். வீட்டில் கழற்றிப் பார்த்தேன்: செயின் இழுபட்டு, பற்சக்கரப் பற்கள் கொக்கிகளாய்த் தேய்ந்திருந்தன. செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பற்கள் புதியதையும் தின்றுவிடும், எல்லாவற்றையும் மாற்றினேன்.

விற்றவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. மௌனமும் மோசடியாகுமா? ‘ஆகும்’ என்று அன்று கோபத்தில் தீர்ப்பளித்தேன்.

இப்போது விற்பவன் நான். காலையில் ஸ்டார்ட் செய்கையில் நீலப்புகை வருகிறது. என்ஜினுக்குள் ஒயில் எரிகிறது. சூடேறினால் புகை அடங்கிவிடும். வாங்க வருபவன் என் பழைய மாணவன். “நீங்க சொன்னாச் சரி சேர், பின்னேரம் வாறேன்” என்றான்.

கேள்வி கேட்காதவனுக்கே நாம் அதிகம் சொல்லக் கடமைப்பட்டவர்கள். விலை குறையும், ஆனாலும் காலையிலேயே, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வரச் சொன்னேன்.