எவர் கையில் பழகுவது?

நம் பிள்ளைகளுள் பலர் மருத்துவமும் செவிலியமும் பயில்கின்றனர். வெள்ளை அங்கியணிந்து அவர்கள் புறப்படுங்கால் நாம் பெருமிதம் கொள்கிறோம். ஆயினும், முதல் ஊசியை எவர் கையில் ஏற்றிப் பழகினர் என்று நாம் கேட்பதில்லை. பெரும்பாலும் அது பொது வார்டில் படுத்திருந்த, மறுத்துரைக்கத் துணியாத ஓர் ஏழையின் கையாகவே இருந்து வந்திருக்கிறது. ஒருவர் வலியின்மீது மற்றொருவர் கல்வி எழும்புவது அறமாகுமா?

இவ்வினாவுக்கு விடைபோல் ஒரு பொம்மை வந்தது. 1960இல் நார்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால், உயிர்மீட்பு முதலுதவி பழகுவதற்கென மனித உருவப் பொம்மையொன்றை உருவாக்கினார். இன்று அம்முயற்சி மூக்குக்கண்ணாடிக்குள் புகுந்துவிட்டது. கண்முன் உள்ள மெய்க்காட்சியின்மேல் கணிப்பொறி வரைந்த உருவைப் பொருத்திக் காட்டும் இம்முறையை மிகைமெய்ம்மை என்பர். 2016இல் வெளிவந்த ஹோலோலென்ஸ் கண்ணாடியை அணிந்து, அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்கள் உடலின் உள்ளுறுப்புகளை வெட்டவெளியில் நிறுத்திச் சுற்றிவந்து கற்றனர். குருதி அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் இயல்பைக் கொண்டு, இரத்தக்குழாயின் தடத்தைத் தோலின்மீதே ஒளியால் வரைந்து காட்டும் கருவியும் உண்டு. நூறு முறை தவறினும் உருவத்துக்கு வலியில்லை. பழக இத்தகைய வழியிருக்க, முதல் தவற்றை நோயாளியின் உடலில் செய்வது குற்றமே என்போம்.

எனினும், வலிக்காத உடலில் பழகிய கை வலிக்கும் உடலை அறியுமா? ஊரிலிருந்து வந்த நம் தாயாரை இந்நகர மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற நாளை எண்ணிப் பார்ப்போம். இந்தி அறியாத அவர், வலிக்குமிடத்தைச் சொல்ல இயலாமல் நெற்றியைச் சுருக்கினார். அதைக் கண்டு தம் கையின் அழுத்தத்தைத் தளர்த்திய இளம் மருத்துவர், அதனை எந்தக் கண்ணாடியிலும் கற்றிருக்க மாட்டார். இந்தியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம், செய்திறனுடன் மனப்பாங்கையும் அறநெறியையும் உரையாடலையும் பாடமாக்கியதன் பொருள் இதுவே அன்றோ?

மருந்து அதிகாரத்தின் நிறைவுக் குறளில், மருத்துவத்தின் உறுப்புகள் நான்கனுள் நோயுற்றவரையே வள்ளுவர் முதலில் வைத்தார்; மருத்துவர் அடுத்தே வருகிறார். அவ்வரிசை மாறலாகாது. பிழை செய்து பழகுவதற்கு உருவம் இருக்கட்டும். அதில் தேர்ந்தபின் நோயாளியை அணுகும் நம் பிள்ளைகள், ஊசியை எடுக்குமுன் அவர் முகத்தைப் பார்த்து, இசைவு கேட்கட்டும். அதனைக் கற்பிக்கும் கடன் கல்லூரிக்கு மட்டுமன்று. நம் இல்லங்களுக்கும் உரியது.