பாலாறும் நமது பிரதிக்கிரமணமும்



தசலட்சண நாள்களில் நாம் போற்றும் பத்து அறங்களுள் சம்யமம் என்னும் அடக்கமும் ஒன்று. அதனை ஆசாரியப் பெருமக்கள் இருவகையாகப் பகுத்துள்ளனர். ஐம்பொறிகளையும் மனத்தையும் அடக்குதல் இந்திரிய சம்யமம். ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் ஈறாக எவ்வுயிர்க்கும் ஊறு நேராமல் ஒழுகுதல் பிராணி சம்யமம். முன்னையது நம்மைக் காக்கிறது. பின்னையது உலகைக் காக்கிறது. இரண்டும் சேர்ந்தே ஓர் அறமாகின்றன.

நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் ஒரு வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். நீரைத் துணியால் வடிகட்டியே பருகுகிறோம். அத்துடன் கடமை முடிவதில்லை. துணியில் தங்கிய சிற்றுயிர்களை, எந்தக் கிணற்றிலிருந்து நீர் முகந்தோமோ அந்தக் கிணற்றிலேயே மீண்டும் விடவேண்டும் என்பது முறை. எடுத்ததோடு நில்லாமல், எடுத்த இடத்திலேயே உயிரைத் திருப்பிச் சேர்ப்பதும் நம் பொறுப்பு என்பதே இதன் உட்பொருள்.

இப்போது நம் பாலாற்றை நினையுங்கள். கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு அருகில் தமிழகத்துள் நுழைந்து, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாகச் சென்று, வயலூர் அருகே கடலில் கலக்கும் ஆறு அது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே தோன்றினாலும், மணலின்கீழ் ஓடிய ஊற்றுநீரே பல நூற்றாண்டுகள் இந்நிலப்பரப்பை வாழ்வித்தது. ஆம்பூருக்கு அண்மையிலுள்ள ஆர்மாமலைக் குகையிலும், வள்ளிமலையிலும் நம் முனிவர்கள் தங்கித் தவம் புரிந்த காலத்தில், இவ்வாற்றுப் படுகையின் நீரையும் நிழலையும் நம்பியே வாழ்ந்தனர்.

அவ்வூற்றுக்கு நேர்ந்தது என்ன? முற்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றைக் கொண்டு தோல் பதனிட்டனர். பின்னர் குரோமிய உப்பைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பரவியது. தோல் அழுகாதிருக்க இடப்படும் கறியுப்பும் பெருமளவில் கழிவுநீரில் கலந்தது. அந்நீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் விடப்பட, நிலத்தடி நீர் உவர்ந்தது. கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். உப்பை அவை தின்பதில்லை. ஆகவே அது மண்ணிலும் கிணற்றிலும் தங்கிவிடுகிறது. தென்னை காய்ந்தது, நெற்பயிர் கருகியது, மீனும் தவளையும் நீங்கின. நாம் எத்தனை மடிப்புத் துணியால் வடிகட்டினாலும், கரைந்த உப்பையும் குரோமியத்தையும் அத்துணி தடுக்குமோ? தடுக்காது. தனி ஒருவரின் நோன்பு எட்டாத இடம் ஒன்று உண்டு. அங்கே சமுதாயத்தின் நோன்பு வேண்டும். அதற்கே சட்டம் என்றும் அரசுக் கொள்கை என்றும் பெயர்.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. நீதிபதி குல்தீப் சிங் அவ்வமர்வுக்குத் தலைமை வகித்தார். தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதென்ற ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. தீங்கு நேருமுன் காத்தல், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் என்னும் இரு நெறிகள் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அங்கே நிலைநாட்டப்பட்டது. பாதிக்கப்பட்டவர்க்குப் பொருள் தருவதோடு, கெட்ட இயற்கையைச் சீர்செய்யும் செலவும் மாசுபடுத்தியவரைச் சேரும் என்றும் தீர்ப்புக் கூறியது. அதன்வழி அமைந்த ஆணையம் 2001-இல் 29,000-க்கும் மேற்பட்டோர்க்கு இழப்பீடு வரையறுத்தது.

ஆயினும் துன்பம் தீரவில்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நீருயிர்க்கு இரங்காத இடத்தில் மனிதவுயிர்க்கும் காப்பில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, விடுபட்ட இழப்பீட்டை அரசே முதலில் வழங்கிப் பின் மாசுபடுத்தியோரிடம் வசூலிக்குமாறும், பாலாற்றின் சீரமைப்பைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்குமாறும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

"தோல் தொழில் நம்முடையதன்று, இப்பாவம் நம்மைச் சாராது" என்று நம்மவருள் சிலர் கருதக்கூடும். அன்பர்களே, ஜினதர்மம் அவ்வளவு எளிதாக நம்மை விடுவிப்பதில்லை. செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படல் என்னும் மூன்றினாலும் வினை வந்து சேரும் என்பது நம் ஆகமத் துணிபு. காலில் அணியும் செருப்பும், இடையில் கட்டும் வாரும், கையில் பிடிக்கும் பையும் எங்கிருந்து வந்தன? அவற்றை விரும்பி வாங்குதல் செய்வித்தலாகாதா? ஆறு கெடுவதைக் கண்டும் வாய்மூடி இருத்தல் உடன்படலாகாதா? பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிதறல், செடிகொடிகளை அழித்தல் ஆகியவற்றையும் குற்றமெனக் கடிகிறது சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டகம். நம் வீட்டுக் குழாயும் தோட்டமும்கூட அந்நூலின் பார்வைக்குத் தப்புவதில்லை.

அதேவேளை, அநேகாந்தம் கற்ற நாம் ஒருபக்கம் மட்டும் பார்த்துப் பழி கூறலாகாது. தோல் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைத்துப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் பல்லாயிரம். அக்குடும்பங்களின் பெண்களே நஞ்சேறிய குழாயடியில் குடத்துடன் முதலில் நிற்பவர்கள். அவர்கள் பசியும் உண்மை. கிணற்றின் உவர்ப்பும் உண்மை. எனவே வெறுப்பின்றி, தொழிலாளர் வாழ்வும் கெடாமல், நஞ்சு வெளியேறாத முறையை வற்புறுத்துவதே அறவோர் வழி.

செய்த பிழையினின்று மீண்டு திரும்புதலைப் பிரதிக்கிரமணம் என்கிறோம். வாயால் மொழிவதோடு அது நிறைவுறாது. கெட்ட ஆற்றை மீட்பதும், வெட்டிய காட்டை வளர்ப்பதும் ஒரு சமுதாயம் செய்யும் பிரதிக்கிரமணமே. 2022 டிசம்பரில் உலக நாடுகள் கூடி, சீர்குலைந்த இயற்கைப் பரப்புகளில் குறைந்தது 30 விழுக்காட்டையேனும் 2030-க்குள் மீட்பு முயற்சியின்கீழ்க் கொணர்வதென உறுதி பூண்டன. அவ்வாறு மீட்பது இயலுமோ என ஐயுற வேண்டா. நம் வேலூர் மாவட்டத்திலேயே, ஊரக வேலைத் திட்டத்தின்கீழ்ப் பெண்கள் கூடி நீர்செறிவுக் கிணறுகளும் தடுப்புகளும் அமைத்து, வறண்டு கிடந்த நாகநதிக்கு உயிரூட்டினர்.

மீட்பதினும் கெடாமல் காப்பது எளிது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, சமணப் படுக்கைகளும் தொன்மைக் கல்வெட்டும் உள்ள குன்றூர். ஏறத்தாழ 250 வகைப் பறவைகளும், பல சுனைகளும் அங்கே உள்ளன. 2022 நவம்பரில் தமிழக அரசு அதனை மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. பின்னர் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்க்கப்பட்டபோது மக்கள் திரண்டெழுந்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. நம் முனிவர்கள் துயின்ற கற்படுக்கையையும் அங்கே கூடுகட்டும் வல்லூற்றையும் ஊர்மக்கள் ஒருசேரக் காத்தனர். பாலாற்றங்கரையில் 28 ஆண்டுகளில் முடியாதது அங்கே சில திங்களில் கைகூடியது. தீங்கு நேருமுன் விழித்ததே அதற்குக் காரணம்.

ஆகவே சிராவகர்களே, இவ்வாண்டு சில அணுவிரதங்களை மேற்கொள்வோம். தோற்பொருளை அறவே விலக்குவோம். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும்; நம் ஊரில் அது செயற்படுகிறதா எனக் கிராம சபையில் கேட்போம். ஊரிலுள்ள மரம், மூலிகை, பறவை, மீன் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத நம் முதியோரின் அறிவைத் தருவோம். ஜினாலயக் குளத்தையும் அதன் வரத்துக் கால்வாயையும் தூய்மை செய்வோம். கிணற்றுநீரை ஆய்வு செய்வித்து, குறையிருப்பின் அதிகாரிகளிடம் அஞ்சாது முறையிடுவோம்.

வடிகட்டிய துணியிலுள்ள சிற்றுயிரை அதன் கிணற்றிலேயே விடுத்த நம் பாட்டியரின் கைகளை நினைவிற் கொள்ளுங்கள். அக்கிணறு இன்று உயிர் வாழத்தக்கதாக இல்லையெனில், அவ்வுயிரை எங்கே விடுவது? முதலில் கிணற்றை மீட்போம். பிறகே நம் நோன்பு முழுமை பெறும்.

அனைத்துயிரும் இன்புறுக! ஜினதர்மம் ஓங்குக!