தூதுவளைக் கீரையும் பாட்டனார் வைத்த நிதியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



இளம் வயதிலேயே மேதையாக விளங்கும் குழந்தையைக் கண்டால், இவன் இன்ன பதவிக்கு வருவான், இவ்வளவு ஈட்டுவான் என்று சுற்றத்தார் கணக்கிடத் தொடங்கிவிடுகின்றனர். அக்குழந்தை வளர்ந்து எவரும் எதிர்பாராத வழியில் சென்றால், கற்றதெல்லாம் வீணாயிற்றே என்று வருந்துகின்றனர். அவ்வாறு வருந்துவோர் ஸ்வாமி ஆளவந்தாரின் சரிதத்தை ஒருமுறை அநுஸந்திக்க வேண்டும்.

ஸ்ரீமந்நாதமுநிகளின் திருப்பேரனாராய், ஈச்வரமுநிகளின் திருக்குமாரராய், காட்டுமன்னார்கோயிலில் ஓர் ஆடி உத்திராடத்தில் அவதரித்தவர் யமுனைத்துறைவர். மஹாபாஷ்யபட்டரிடம் பயின்றுவந்த காலத்தில், சோழ அரசவையின் வித்வானான ஆக்கியாழ்வான் பட்டரிடம் கப்பம் கேட்டு ஓலை அனுப்பினான். ஆசார்யன் கலங்கியிருக்க, சிறுவரான சிஷ்யர் அவ்வோலையைக் கிழித்தெறிந்து வாதத்திற்கு எழுந்தருளினார். மறுக்கவே இயலாதவை என்று சபையோர் எண்ணிய மூன்று கூற்றுகளை மறுக்குமாறு ஆக்கியாழ்வானை அழைத்தார். அவற்றுள் ஒன்று, 'உன் தாய் மலடி அல்லள்' என்பது. எதிரே நிற்கும் மகன் அதை எப்படி மறுப்பான்? அவன் வாயடைத்து நின்றான். ஒரு மரம் தோப்பாகாது. ஒற்றைப் பிள்ளை பெற்றவளைப் பிள்ளை இல்லாதவளாகவே சாஸ்த்ரம் கருதும் என்று யமுனைத்துறைவரே அதை மறுத்துக் காட்டினார். மற்ற இரண்டையும் அவ்வாறே மறுத்தார். எம்மை ஆளவந்தீரோ என்று அரசி கொண்டாடியதால் ஆளவந்தார் என்ற திருநாமம் அமைந்தது. அரசன் பந்தயப்படி பாதி ராஜ்யத்தைக் கொடுத்தான்.

உலகக் கணக்கில் இதற்கு மேல் ஒரு வெற்றி இல்லை. ஆனால் ஸம்ப்ரதாயத்திற்கு அது கவலைக்குரிய காலம். நாதமுநிகள் அரும்பாடுபட்டு மீட்டுக்கொடுத்த திவ்யப்ரபந்தமும் அதன் அர்த்தங்களும் உய்யக்கொண்டார் வழியாக மணக்கால் நம்பியிடம் வந்து சேர்ந்திருந்தன. அவற்றை நாதமுநிகளின் பேரனிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது நியமனம். பேரனோ அரண்மனையில் ராஜ்ய காரியங்களில் மூழ்கியிருந்தார்.

அடியேன் வங்கியில் பணிபுரிந்தவன். உரிமை கோரப்படாத டெபாசிட் என்று ஒன்று உண்டு. பத்து ஆண்டுகள் எவரும் தொடாத தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்றுவிடும். அதன் பிறகும் வாரிசு வந்து கேட்டால் பெறலாம். ஆனால் தன் பெயரில் ஒரு தொகை இருப்பதையே அறியாத வாரிசு எப்படி வந்து கேட்பான்? யாரேனும் அவனைத் தேடிச் சென்று சொல்ல வேண்டும். மணக்கால் நம்பி செய்தது அதுவே.

அவர் சென்ற விதம் நெஞ்சை உருக்குவது. வாயிற்காவலர்களைக் கடந்து அரசரைக் காண வழியில்லை. அரசருக்குத் தூதுவளைக் கீரையில் விருப்பம் என்றறிந்து, ஆறு மாத காலம் கீரை கொண்டுவந்து மடைப்பள்ளியில் கொடுத்துவந்தார். பின்பு சில நாள்கள் நிறுத்தினார். தளிகையில் கீரை இல்லாததைக் கண்ட ஆளவந்தார் காரணம் கேட்டறிந்து, அவரை வரவழைத்துப் பொருள் வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று வினவினார். யாம் பெற வரவில்லை, கொடுக்க வந்தோம். உம் பாட்டனார் வைத்த நிதி எம்மிடம் உள்ளது என்ற கருத்தில் விடையளித்தார் நம்பி. நாள்தோறும் தடையின்றி வந்துபோக மட்டும் அநுமதி வேண்டினார்.

பின்பு கீதையின் 18 அத்தியாயங்களின் பொருளையும் உபதேசித்தார். ராஜ்யத்தை விடும்படி அவர் வற்புறுத்தவில்லை. கேட்கக் கேட்க ஆளவந்தாருக்கே அதில் பற்று அற்றது. இறுதியில் திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்று, பெரிய பெருமாளைக் காட்டி, இதுவே அந்த நிதி என்றார் நம்பி. ஆளவந்தார் அரண்மனைக்குத் திரும்பவில்லை.

அவருடைய மேதை வீணாயிற்றா? ஆக்கியாழ்வானை வென்ற அதே தர்க்கத்திறன் பாஞ்சராத்ரத்தை நிலைநாட்டும் ஆகமப்ராமாண்யமாயிற்று, ஸித்தித்ரயமாயிற்று. நம்பியிடம் கேட்ட கீதை 32 ச்லோகங்களில் கீதார்த்தஸங்க்ரஹமாயிற்று. எம்பெருமானாரின் கீதாபாஷ்யம் அதன் வழியே சென்றது. சபையை அடக்கிய திருவாக்கு, ஸ்தோத்ரரத்நத்தில் பெருமாள் திருமுன்பே தனக்கென்று எந்தத் தகுதியும் இல்லை என்று விண்ணப்பித்தது. எம்பெருமானாருக்கு உபதேசித்த ஆசார்யர்கள் ஐவரும் இவருடைய சிஷ்யர்களே. அன்று நம்பி கீரை சுமக்காதிருந்தால் இவற்றுள் எது நமக்குக் கிடைத்திருக்கும்?

இன்று வெளிநாடுகளில் வாழும் நம் இல்லங்களிலும் மேதைகளான குழந்தைகள் உள்ளனர். அவர்களுள் ஒருவர் உயர்ந்த பணியை விட்டு அத்யயனத்திற்கோ கைங்கர்யத்திற்கோ செல்ல விரும்பினால் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அப்போது கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு. கணநேர வேகத்தில் செல்கிறாரா, பெரியோரிடம் நிதானமாகக் கேட்டுத் தெளிந்து செல்கிறாரா? அவ்வழியில் அவருடைய திறமை பிறருக்குப் பயன்படுமா? இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால் அச்சம் வேண்டா.

ப்ரபந்தத்தின் பக்கமே வராத பிள்ளைகளைப் பற்றியும் மனம் தளர வேண்டா. அவர்களைக் கடிந்துகொள்வதால் பயன் இல்லை. அவர்களுக்குப் பிடித்ததை அறிந்து, அன்போடு கொடுத்து, பொறுத்திருப்பதே மணக்கால் நம்பி காட்டிய வழி. அவர்கள் பெயரில் உள்ள நிதி அழியாதது. அது இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வது நம் கடமை.

மணக்கால் நம்பி திருவடிகளே சரணம்.
ஆளவந்தார் திருவடிகளே சரணம்.