ஒப்புக்கொண்டவன் குற்றவாளியா?

மகாபாரதத்தில் மாண்டவ்ய முனிவரின் கதை வருகிறது. அவர் மௌன விரதம் பூண்டு தவமிருந்த ஆசிரமத்தில் கள்வர் சிலர் திருடிய பொருளுடன் புகுந்து ஒளிந்துகொண்டனர். துரத்தி வந்த காவலர் முனிவரை வினவினர். அவர் வாய் திறக்கவில்லை. கள்வரும் பொருளும் அங்கேயே அகப்பட்டபோது, அந்த மௌனமே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. அரசன் அவரையும் கழுவேற்றினான். பின்னர் உண்மை உணர்ந்து மன்னிப்பு வேண்டினான். ஆயினும் உடலில் தைத்த கழுவை முழுவதுமாக அகற்ற இயலவில்லை. ‘ஆணிமாண்டவ்யர்’ என்ற பெயரே அவருக்கு நிலைத்தது.

பேசாதவரையே குற்றவாளியாக்கிவிடும் நம் மனம், ‘நான்தான் செய்தேன்’ என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரிக்குமா? ‘செய்யாத குற்றத்தை எவனாவது ஒப்புக்கொள்வானா?’ என்பதே நமது வாதம். இந்த வாதம் எவ்வளவு தூரம் சரி என்பதை மும்பையில் நடந்த ஒரு வழக்கைக் கொண்டு சிந்திப்போம்.

2006 ஜூலை 11 மாலை, மேற்கு இரயில்வேயின் புறநகர் வண்டிகளில் சில நிமிட இடைவெளிகளில் ஏழு குண்டுகள் வெடித்தன. தாராவியை அடுத்துள்ள மாட்டுங்கா ரோடு, மாஹிம் நிலையப் பகுதிகளும் அவ்விடங்களுள் அடங்கும். வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களில் 180க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 800க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கைதானோரில் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வாக்குமூலங்கள் பதிவாயின.

போலீஸாரிடம் அளிக்கும் ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கலாகாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் நெறியாக இருந்தது. ஆனால் இவ்வழக்கில் பயன்படுத்தப்பட்ட 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சிறப்புச் சட்டம், உயர் போலீஸ் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதலை ஏற்க இடமளிக்கிறது. பின்னர் அவர்கள் அவ்வாக்குமூலங்களை மறுத்தபோதிலும், 2015இல் சிறப்பு நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது.

இதனிடையே 2008இல் வேறொரு வழக்கில் பிடிபட்ட ஒருவர், இந்தக் குண்டுவெடிப்பைத் தம் குழுவினரே செய்ததாக ஒப்புக்கொண்டார் என்ற செய்தியும் வந்தது. நீதிமன்றத்தில் அவரும் அதை ஏற்கவில்லை. ஒரே செயலுக்கு ஒன்றோடொன்று பொருந்தாத இரு ஒப்புதல்கள்! இரண்டும் உண்மையாக இருத்தல் இயலாது.

2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் பன்னிருவர் மீதான தீர்ப்பையும் ரத்து செய்தது. வாக்குமூலங்களின் சில பகுதிகள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியதுபோல் இருந்ததையும், அவற்றைப் பெறச் சித்திரவதை நிகழ்ந்ததையும் அது சுட்டிக்காட்டியது. மூன்று நாட்களுக்குப் பின் உச்ச நீதிமன்றம், அத்தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது என்றது. எனினும் விடுதலையானோரை மீண்டும் சிறைக்கு அனுப்பவில்லை. பன்னிருவரில் ஒருவர் அதற்கு முன்பே சிறைவாசத்தில் இறந்துபோயிருந்தார்.

உடல் வேதனை மட்டுமன்று, மனத்தின் சோர்வும் பொய்யான ஒப்புதலை வரவழைக்கும். 1996இல் அமெரிக்க உளவியலாளர் சால் காசின் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். அழுத்தக்கூடாத ஒரு விசையை அழுத்திக் கணினியைக் கெடுத்துவிட்டதாக அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒருவரும் அதை அழுத்தவில்லை. ஆயினும் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டனர். சிலர் தாமே அழுத்திவிட்டதாக நம்பவும் தொடங்கினர்! அங்கு அடி இல்லை, அச்சுறுத்தல் இல்லை. ‘நீதான்’ என்ற உறுதியான குரல் ஒன்றே போதுமானதாயிற்று.

அறையில் அடைபட்டு, உறக்கமின்றி, தனித்து நிற்பவனுக்கு நாளைய தண்டனை தொலைவில் உள்ளது. இந்தக் கணத்தின் துன்பமே அண்மையில் உள்ளது. ‘இப்போது தலையாட்டிவிடுவோம், உண்மை பிறகு தானே வெளிப்படும்’ என்று அவன் எண்ணுகிறான். நிரபராதி என்ற நம்பிக்கையே அவனை வலையில் வீழ்த்துகிறது.

கேட்பவர்களின் நிலை என்ன? அடுத்த ஆண்டு காசின் மற்றோர் ஆய்வில் பங்குகொண்டார். நடுவர்களாகப் பாவிக்கப்பட்டவர்கள், ஓர் ஒப்புதல் நிர்ப்பந்தத்தால் வந்தது என்று அறிந்தார்கள். அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்றும் கூறினார்கள். ஆனால் அவர்களின் தீர்ப்பு குற்றவாளி என்ற பக்கமே சாய்ந்தது. அறிவு விலக்கியதை மனம் விடவில்லை.

காரணம், ஒப்புதல் நமக்கும் நிம்மதி தருகிறது. குற்றவாளி யார் என்று தெரியாத தவிப்பை நம்மால் தாங்க இயலவில்லை. அத்தவிப்பு தீர்ந்தால் போதுமென்று தீர்ப்பை ஏற்கிறோம். வழக்குத் தீர்ந்ததுபோன்ற பொய்த் தோற்றம் மக்களுக்கு ஆறுதல் அளிக்கும், ஆனால் மெய்யான அபாயம் வெளியில் உலவிக்கொண்டிருக்கும் என்று உயர் நீதிமன்றம் எச்சரித்ததை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். பொய் ஒப்புதல் குற்றமற்றவனுக்கு மட்டும் இழைக்கும் அநீதியன்று. அன்று மாலை வீடு திரும்பாதவர்களின் குடும்பத்தாருக்கும் அது அநீதியே. அவர்கள் வேண்டியது உண்மை. யாரோ ஒருவரது தலையன்று.

நீதிமன்றம் நமக்குத் தொலைவு என எண்ண வேண்டாம். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நம் வீட்டில் ஒரு மோதிரம் காணாமற்போகிறது. வேலைக்கு வரும் பெண்ணை நடுக்கூடத்தில் நிறுத்தி நால்வர் சூழ்ந்துகொள்கிறோம். ‘உண்மையைச் சொல்லிவிடு, விட்டுவிடுகிறோம்’ என்கிறோம். அவள் அழுதால் குற்றவுணர்வு என்கிறோம். அழாவிட்டால் நெஞ்சழுத்தம் என்கிறோம். இறுதியில் அவள் தலையாட்டினால், ‘பார்த்தாயா!’ என்று பெருமிதம் கொள்கிறோம். நம் குழந்தைகளிடமும் இதையே செய்கிறோம். உண்மையைப் பேசுவதைக் காட்டிலும் பெரியோர் விரும்பியதைப் பேசுவது பாதுகாப்பானது என்ற பாடத்தை அவர்கள் அங்கேதான் கற்கிறார்கள்.

வள்ளுவர் செங்கோன்மையை ஆராய்தலிலிருந்தே தொடங்குகிறார். ஒருவன் ‘ஆம்’ என்று சொன்ன இடத்தில் விசாரணை முடிவதில்லை. அங்கேதான் அது தொடங்க வேண்டும். செய்தவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய செய்தி எதையேனும் அவன் சொன்னானா? அது நாம் அவன் வாயில் இட்ட சொல்லா? வேறு சான்று உண்டா? இவற்றைக் கேட்கும் பொறுமையும், விடை கிடைக்காதபோது ‘எனக்குத் தெரியாது’ என்று நிற்கும் துணிவும் சத்தியத்தை நாடுவோர்க்கு இன்றியமையாதவை.

மாண்டவ்யரை அரசனால் உயிரோடு மீட்க முடிந்தது. கழுமுனையை எடுக்க முடியவில்லை. அடுத்த முறை ஒருவரை நோக்கி, ‘ஒப்புக்கொள்’ என்று சொல்ல நாம் வாய் திறக்கும்போது இதை நினைவில் கொள்வோமாக.