பழைய இருக்கையும் புதிய பொறுப்பும்

சென்னைப் புதுப்பேட்டையின் குறுகிய தெருக்களில், ஒரு காலத்தில் சாலையில் ஓடிய வாகனங்களின் உறுப்புகள் தனித்தனியே அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கதவுகள் ஒருபுறம், விளக்குகள் ஒருபுறம், இருக்கைகள் ஒருபுறம். பிறர் கழித்துவிட்டவற்றுள் இன்னும் உழைக்கக்கூடியது எது என்று கண்டறியும் தேர்ந்த கைகள் அங்கே இருக்கின்றன. வாங்குவதும் எறிவதுமே வாழ்க்கை என்றாகிவிட்ட காலத்தில் அத்தொழில் மதிப்புக்குரியது. எனினும் அதனையொட்டி ஒரு வினா எழுகிறது.

அறநெறி இறையியல் வகுப்புகளில் ஒரு கற்பனை நிகழ்வை முன்வைத்து, அதிலுள்ள கடமைகளைப் பிரித்தறிவது வழக்கம். நாமும் அவ்வாறே செய்வோம். ஒருவருடைய தந்தை அம்பாசிடர் கார் ஓட்டியவர். தந்தை மறைந்துவிட்டார், காரும் கைமாறிவிட்டது. அந்தக் காரின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோயிற்று. ஒரு நாள் பழைய பொருள் கடையில் அதே வகைக் காரின் முன் இருக்கை ஒன்றை மகன் காண்கிறார். அமர்ந்து பார்க்கிறார். இளமைக்காலம் முழுவதும் நினைவில் எழுகிறது. அதனை வாங்கித் தம்முடைய புதிய காரில் பொருத்திக்கொள்ள விரும்புகிறார். பணம் அவருடையது, காரும் அவருடையது. இதில் அறநெறிக்கு என்ன வேலை?

உடலினின்று வெட்டப்பட்ட கை பெயரளவில் மட்டுமே கை என்று அரிஸ்டாட்டில் கருதினார். முழுமையோடு இணைந்து தன் செயலைச் செய்யும்போதுதான் உறுப்பு உறுப்பாகிறது. காரின் இருக்கைக்கும் இது பொருந்தும். பழைய காரில் இருக்கையின் வேலை, அமர்ந்தவரைத் தாங்குவது. இன்றைய காரிலோ அது ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டின் நடுப்பகுதி. அதன் மேலுள்ள தலைச்சாய்வு, பின்னாலிருந்து வாகனம் மோதும்போது கழுத்தைக் காக்கிறது. பல கார்களில் இருக்கைப் பட்டையின் கொக்கி இருக்கைச் சட்டத்திலேயே இணைந்திருக்கிறது. பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கையின் ஓரத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். சில கார்களில் மெத்தைக்கு அடியிலுள்ள உணரி, அமர்ந்திருப்பவரின் எடையை அறிந்து முன்புறக் காற்றுப்பையைக் கட்டுப்படுத்துகிறது.

இருக்கையின் உயரம் கூட அளந்து அமைக்கப்பட்டது. பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். இருக்கை அமுங்கிக் கொடுத்தால், மோதலின்போது உடல் பட்டைக்கு அடியில் சறுக்கி, அழுத்தம் முழுவதும் வயிற்றின்மேல் விழும். அவ்வழுத்தம் சிறிதன்று. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் ஒருவர் அரை மீட்டர் தொலைவுக்குள் சீராக நிறுத்தப்பட்டால், அவர்மேல் செயற்படும் விசை அவருடைய எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் அந்த நொடியின் சிறு பகுதியில் 1,200 கிலோவாகிறார். பட்டறையில் துளையிட்டுப் பற்றவைத்த இரும்புப் பட்டைகள் இதனைத் தாங்கும் என்று யார் சோதித்தறிந்தார்?

ஆகவே அந்த இருக்கை தீயதன்று. தனக்குரிய காரில் அது நல்லதே. பழுதான ஓர் அம்பாசிடருக்கு இன்னொன்றின் இருக்கையைப் பொருத்துவது சிக்கனம், கைத்திறன், நன்றியுணர்வு மூன்றும் கூடிய செயல். ஒரு முழுமையில் நன்மையாய் இருந்தது, மற்றொரு முழுமைக்குள் புகும்போது குறைபாடாகிவிடக்கூடும். பொருள்களில் மட்டுமன்று, வழக்கங்களிலும் நாம் இதனைக் காண்கிறோம்.

“ஆபத்து எனக்குத்தானே, ஏற்றுக்கொள்கிறேன்” என்று அவர் சொல்லலாம். தம் உயிரை அவ்வளவு எளிதாகப் பணயம் வைக்கலாமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். காரில் அவர் மட்டுமா செல்கிறார்? அருகில் மனைவி அமர்வார்; மருத்துவமனைக்கு அவசரமாக அழைத்துச் செல்லப்படும் அண்டை வீட்டார் அமர்வார்; பின்னொரு நாள் அந்தக் காரை விலைக்கு வாங்குபவரின் பிள்ளை அமரும். இவர்களுள் எவரும் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்ப்பதில்லை. நம்பிக்கையோடு அமர்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரியதைக் கொடுப்பது நீதியின்பாற்பட்ட கடன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஆனால் சட்டம் குறிப்பிடாத இடத்திலும் மனச்சான்று பேச வேண்டும்.

மனச்சான்று என்றதும் மற்றொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றுப்பை உள்ள இருக்கையைக் கழற்றினால், இணைப்பு அறுந்ததைக் காரின் கணினி உணர்ந்து, ஓட்டுநரின் முன்னுள்ள எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். அது கண்ணை உறுத்துகிறது என்று, சிலர் அறுந்த இணைப்பில் சிறிய மின்தடை ஒன்றைச் செருகிவிடுகிறார்கள். காற்றுப்பை இருந்த இடத்தில் இருப்பதாகவே கணினி எண்ணிக்கொள்கிறது. விளக்கு அணைந்துவிடுகிறது, குறை அப்படியே நிற்கிறது. இருக்கையை மாற்றியதைவிட இதுவே எனக்குப் பெரிய கேடாகப் படுகிறது. முன்னது ஓர் ஆசையால் நேர்ந்த கவனக்குறைவாக இருக்கலாம். பின்னது, எச்சரிக்கும் வாயை அடைக்கும் செயல். அடுத்து அந்தக் காரில் ஏறுகிறவருக்கு அது சொல்லாமல் சொல்லும் பொய். குடும்பத்திலும் நிறுவனங்களிலும் நம் உள்ளத்திலும் இத்தகைய மின்தடைகளை நாம் எத்தனை செருகி வைத்திருக்கிறோம்!

விவேகத்தை நற்பண்புகளின் தேரோட்டி என்று நம் இறையியல் மரபு அழைக்கிறது. தேரோட்டி அன்பைத் தடுப்பவன் அல்லன். அது செல்ல வேண்டிய வழியைக் காட்டுபவன். தந்தையின் நினைவு போற்றத்தக்கதே. அந்த இருக்கைக்கு மரக்கால்கள் பொருத்தி வீட்டுத் திண்ணையில் வைக்கலாம். மாலை வேளையில் பேரப்பிள்ளைகள் அதில் ஏறி அமர்ந்து தாத்தாவின் கதைகளைக் கேட்கட்டும். காரில் ஏறும்போதோ, அவர்களுக்காக அளந்து செய்யப்பட்ட இருக்கையில் அவர்கள் அமரட்டும். மறைந்தவர்மீதுள்ள அன்புக்கு, உயிரோடிருப்பவரை விலையாகக் கொடுக்கும்படி எந்தத் தந்தையும் கேட்கமாட்டார்.